அசனச் சோறும் பதினேழாம் எண் மாடும்

மாட்டு வயிற்றிலிருந்து எடுத்த நீரின் வாடை என் துப்பட்டாவை விட்டுப் போகவே போகாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் குடியிருந்த தெருவில் காலையிலிருந்தே பால்கோவாவுக்குப் பால் காயும் வாசனை வரும். அதை ரசித்துக்கொண்டே நடந்து வருகிறவர்கள் என்னைத் தாண்டும்போது மட்டும் மூக்கைச் சொறிவது போலக் கையை மேலே கொண்டுபோவார்கள். நான் கண்டுகொள்ள மாட்டேன். ஊறின வைக்கோலும் புளித்த மாவும் கலந்த மாதிரி ஒரு வாடை அது. நோயில்லாத மாட்டின் வயிறு அப்படித்தான் இருக்கும். நீங்கள் ரசிக்கிற பாலும் அந்த வயிற்றின் தயவில்தான் வருகிறது என்று, யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

நான் மாட்டு டாக்டர் இல்லை. அந்த இரண்டு வருடத்தில் இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நான் படித்தது நுண்ணுயிரியல். மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறைதான் பெரியது, கல்யாண வீட்டு அண்டா அளவு. வைக்கோலை மாடு நேராகச் செரிப்பதில்லை. அந்த அண்டாவுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அவைதான் செரிக்கின்றன. மாடு மென்று, விழுங்கி, மறுபடியும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோட்டு, அவற்றுக்கு அரைத்துப் போடுகிறது. எந்தத் தீனி தின்கிற மாட்டில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்ப்பது எங்கள் ஆராய்ச்சி. அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் சுற்றுப்பக்கத்தில் கறவை மாடு வைத்திருக்கிற சிலரிடம் சம்மதம் வாங்கி, ஒவ்வொரு மாட்டிடமும் நான்கு பருவத்தில் நான்கு முறை மாதிரி எடுக்க வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் அந்த மாட்டை நீக்கிவிட வேண்டியதுதான்.

எடுக்கும் விதம் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் கொடுமையாகத் தெரியும். மாட்டின் வாயில் நடுவில் துளை போட்ட ஒரு கட்டையை வைத்து, துளை வழியாக நீளமான ரப்பர் குழாயைத் தொண்டைக்குள் மெதுவாக இறக்க வேண்டும். மாடு விழுங்க விழுங்கத்தான் தள்ளலாம், அவசரப்பட்டால் குழாய் நுரையீரல் பக்கம் போய்விடும். வெளி முனையில் மூக்கை வைத்துப் பார்த்தால் அந்தப் புளித்த வாடை வரும். வந்தால் சரியான இடம். பிறகு கைப்பம்பால் இழுக்க வேண்டும். முதலில் வருவதில் எச்சில் கலந்திருக்கும், அதைக் கொட்டிவிடுவோம். அடுத்து வருவதை, ராஜபாளையத்தில் வாங்கின, காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணியை நான்காக மடித்து அதில் வடிகட்டி, சின்னக் குப்பிகளில் அடைத்து, ஸ்கூட்டியில் கட்டியிருக்கும் திரவ நைட்ரஜன் கேனுக்குள் இறக்கிவிட்டால் முடிந்தது. சினை ஊசி போடுகிறவர்களும் அதே மாதிரி கேன்தான் கொண்டு போவார்கள். அதனால் வழியில் என்னை நிறுத்தி, எங்க மாடு பருவத்துக்கு வந்திருக்கு, ஊசி போட்டுட்டுப் போங்க என்று கூப்பிட்டவர்களும் உண்டு.

மாதிரி எடுப்பதற்கு முந்தின இரவிலிருந்து மாட்டுக்கு எதுவும் வைக்கக் கூடாது. எல்லா மாடும் ஒரே நிலையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். அதனால் முதல் நாளே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து சொல்வேன். அந்தப் போன்தான் பெரும்பாலும் அன்றைக்கு நான் பேசுகிற பேச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எனக்கு ஒரு மாடி அறை. கீழே வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான். தண்ணி வந்துருச்சு என்று தினமும் ஒரு தடவை மேலே பார்த்துச் சொல்வார்கள். என் ஊர் காவிரிப் பக்கம். அங்கே அப்பாவும் அம்மாவும் இல்லாமல் போன பிறகு அண்ணன் வீடு என்று ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போன் வரும். எனக்குத் தனிமையாக இருந்தது. வேலை, தூரம், களைப்பு என்று வேறு வேறு பெயர் வைத்து அதை ரொம்ப நாள் மறைத்து வைத்திருந்தேன். பேச்சு எனக்கு ஒத்துவராது என்று நானே சொல்லிச் சொல்லி, மற்றவர்களும் அதை நம்பிவிட்டார்கள்.

எங்கள் பட்டியலில் பதினேழாம் எண் மாடு, தேவதானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன ஊரில் இருந்தது. ஜெர்சிக் கலப்பு, செவலை, நெற்றியில் வெள்ளை. அதன் சொந்தக்காரருக்கு ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது இருக்கும். அக்கா என்று கூப்பிடுவேன். ராணுவத்தில் இருந்த கணவர் இறந்து சில வருடம் ஆகிவிட்டது. மகன்கள் இரண்டு பேரும் ராணுவம், மூத்தவன் பஞ்சாப் பக்கம், இளையவன் அஸ்ஸாம். வீட்டில் அவரும் மாடும்தான். ஞாயிறு கோயிலுக்குப் போவார், கோயில் என்றால் சர்ச். மற்ற நாளெல்லாம் மாட்டோடுதான் பேச்சு. ஏட்டி, கால எடு. ஏட்டி, கொம்ப ஆட்டாத. நான் முதல் தடவை வாசலில் நின்றபோது உள்ளே யாரோ மகளைத் திட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்த முதல் நாளில்தான், ஏன் என்று தெரியவில்லை, அவருக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். என் பையில் கைக்கு அடக்கமாக ஒன்று இருக்கும். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அதை வைத்து, வயிற்று நீரில் ஒரு சொட்டு விட்டு, பாருங்கக்கா என்றேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். நோயில்லாத மாட்டின் வயிற்று நீரில் பெரிய உயிர்கள் சில உண்டு. கூட்டமாக, சந்தைக்கு நேரமாகிவிட்ட மாதிரி ஓடும். அவர் நிமிரவே இல்லை.

“இம்புட்டும் இது வயித்துக்குள்ளயா கெடக்கு?”

ஆமாம் என்றேன்.

அவர் மாட்டின் பக்கம் திரும்பினார். “ஏட்டி, அப்போ நீ ஒத்தைல இல்லட்டி.”

விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ராஜபாளையம் வந்து, மில் விட்டுப் போகிற கூட்டத்தில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்த வார்த்தை மறுபடியும் ஞாபகம் வந்தது. மாட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் மாதிரி எடுத்து முடித்ததும் அவர் சொல்வது ஒன்றுதான்: செத்த நேரம் உக்காருங்க டாக்டரம்மா, காப்பி போடுதேன். நான் டாக்டர் இல்லக்கா என்பேன். சரி டாக்டரம்மா என்பார். இந்த மாதிரி உடனே போய்ச் சேர வேண்டும், நேரமானால் கெட்டுவிடும் என்று சொல்லிக் கிளம்பிவிடுவேன். அந்த அவசரம் பொய். நைட்ரஜன் கேனுக்குள் போன குப்பி நாள்கணக்கில் கெடாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. உட்கார்ந்தால் பேச வேண்டும். பேசினால் அவர் கேட்பார்: கல்யாணம், வீடு, யார் சமைக்கிறது, யார் வந்து பாக்குறா. எனக்கு அந்தக் கேள்விகளைக் கண்டால் பயம். இப்படியே மூன்று பருவம் மூன்று காப்பியைத் தட்டிக் கழித்தேன்.

நான்காவது, கடைசி முறை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மறுநாள் வருகிறேன் என்று சொல்ல போன் செய்தேன். கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றிக்கொண்டே, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தேன். நாளைக்கு வர்றேன், ராத்திரியிலிருந்து மாட்டுக்கு ஒன்றும் வைக்காதீங்க. இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் என் வரையில் பேச்சு முடிந்துவிட்டது. அவருக்கு முடியவில்லை. அன்றைக்கு அவர்கள் கோயிலில் அசனம். வருடத்துக்கு ஒரு தடவை, கோயில் பண்டிகை முடிந்து ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. சோறு, கறிக்குழம்பு, சாம்பார் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். நான் நடுநடுவே ம் கொட்டினேன். கடைசியில் ஏதோ கேட்டார். குரல் மேலே ஏறி நின்றதால் கேள்வி என்று தெரிந்தது.

“ம், போடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

காது கேட்டதை மனம் அப்போது வாங்கவில்லை. மறுநாள் காலையில்தான் அந்தக் கேள்வி ஒவ்வொரு சொல்லாக எனக்குத் திரும்பி வந்தது. “சோறு ஒரு அண்டா மிஞ்சிருச்சு டாக்டரம்மா. நாளைக்குப் பட்டினி கெடக்கப் போவுதே, இன்னைக்கே வயித்த நெறச்சுப் போட்டுரட்டா?” இதுதான் அவர் கேட்டது.

அசனச் சோற்றை அவர்கள் வீணாக்க மாட்டார்கள். ஜெபம் பண்ணி ஆக்கின சோறு, கீழே கொட்டக் கூடாது. வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்து, அதற்கும் மிஞ்சினால் மாட்டுக்குப் போகும். அன்றைக்கு மற்ற வீட்டு மாடுகளுக்கும் ஆளுக்கு ஒரு கை கிடைத்திருக்கும். பதினேழாம் எண்ணுக்கு மட்டும் முழு அண்டாவும் கிடைத்தது, மறுநாள் நான் வருவதால்.

வெறும் சோறு அத்தனையும் ஒரே வேளையில் உள்ளே போனால் மாட்டு வயிறு புளித்துப்போகும். வைக்கோலுக்குப் பழகின உயிர்கள் அந்தப் புளிப்பில் செத்துவிடும். அசை நின்றுவிடும். ஒன்றிரண்டு நாளில் மாடே போய்விடும். இதை நான் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது மாடு படுத்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. இடது பக்க வயிறு உப்பி, தட்டினால் தண்ணீர் சலசலத்தது. பின்னால் சாம்பல் நிறத்தில் கழிந்திருந்தது. அக்கா அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். விடியக்காலம் நாலு மணியிலிருந்து இப்படித்தான் கிடக்கு, அசையே போடல என்றார். என்ன வச்சீங்க என்று கேட்டேன். சொன்னார். அப்போதுதான் எனக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது. அந்த நேரத்திலும் என் மனம் முதலில் நினைத்தது, நான்காவது மாதிரி போச்சே என்பதைத்தான். இதை மறைத்து எழுதினால் மற்ற எதை எழுதியும் பிரயோஜனமில்லை.

கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன். மலையடிவாரத்துத் தோப்பு ஒன்றில் கன்று திரும்பிக் கிடக்கும் பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். விவரம் கேட்டுவிட்டு, தான் வர மூன்று மணி நேரமாவது ஆகும், அதுவரை அந்த மாடு தாங்காது என்றார்.

“உங்ககிட்ட குழாய் இருக்குல்ல?”

“நான் டாக்டர் இல்ல சார்.”

“குழாய் போடத் தெரியுமா, தெரியாதா?”

தெரியும் என்றேன். அப்படியானால் உள்ளே இருப்பதை முடிந்த மட்டும் வெளியே எடுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடா கரைத்து எவ்வளவு விட வேண்டும் என்று சொல்கிறேன், பிறகு நல்ல மாடு ஒன்றின் வயிற்று நீரை எடுத்து இதற்குள் விடுங்கள் என்றார். அதன் பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டி விளிம்பில் வைத்துக்கொண்டேன்.

குழாயை இறக்கினேன். வழக்கமாகப் பச்சையும் பழுப்புமாக வரும் நீர், அன்றைக்குப் பழைய கஞ்சி மாதிரி வெளுத்து வந்தது. கூடவே சோற்றுப் பருக்கை, முழு முழுசாக. பருக்கை குழாயை அடைத்துக்கொள்ளும். வெளியே இழுத்து, வாயால் ஊதி அடைப்பை எடுத்து, மறுபடியும் இறக்குவேன். மூன்று தடவை அப்படி ஆனது. புளிப்பு பார்க்கும் தாளை நனைத்தேன், நான் அதுவரை எந்த மாட்டிலும் பார்க்காத நிறம் காட்டியது. பழக்கதோஷத்தில் மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டும் விட்டுப் பார்த்தேன். அக்கா மாட்டை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

“ஒண்ணும் ஓடலியா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“அம்புட்டுமா செத்துப் போச்சு?”

சோடாத் தண்ணீரைக் கரைக்கப் போனேன். அவர் மறுபடியும் மாட்டிடம் போய் உட்கார்ந்து, ஏட்டி, ஏட்டி என்று அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த மாடு போய்விட்டால் அவர் அந்த வீட்டில் யாரைக் கூப்பிட்டுப் பேசுவார் என்று எனக்குத் தெரியவில்லை.

நல்ல மாட்டின் வயிற்று நீருக்கு எங்கே போவது? அடுத்த தெருவில், போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தென்னந்தோப்போடு ஐந்தாறு மாடு வைத்திருந்தார். எங்கள் ஆராய்ச்சிக்கு ஆரம்பத்தில் சம்மதம் கேட்டபோது, எங்க மாட்டு வயித்துல உனக்கு என்னம்மா வேலை என்று கதவைச் சாத்தினவர். அவர் வாசலில்தான் போய் நின்றேன். பேச்சு ஒத்துவராதவளுக்கு அன்றைக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பல் துலக்கின வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

“எம்புட்டு வேணும்?”

“அஞ்சு லிட்டராவது வேணும் சார்.”

“இதைத்தான சொல்லுறீக. எங்கய்யா காலத்துல, அசை போடாத மாட்டுக்கு நல்ல மாட்டு வாயில கையவிட்டு அசையப் புடுங்கி ஊட்டுவாவ. நீங்க குழா போட்டு எடுக்கீக. எடுத்துக்கிடுங்க.”

அதை நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு வருடம் அந்த ஊர்களைச் சுற்றியிருக்கிறேன். யாரிடமும் உட்கார்ந்து பேசாததால் யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. அவரே மாட்டைப் பிடித்துக்கொண்டார். கைப்பம்பால் ஐந்து லிட்டர் இழுப்பது லேசில்லை, தோள்பட்டை கழன்றுவிடும். வடிகட்டி, சூடு ஆறாமல் இரண்டு பெரிய பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்ததும் அவரே ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வேகமாக நடந்தார்.

அதை உள்ளே விட்டு முடித்தபோது என் துப்பட்டா, முடி, செருப்பு எல்லாம் அதே வாடைதான். மத்தியானம் கால்நடை மருத்துவர் வந்து நரம்பில் மருந்து ஏற்றினார். வயிற்றில் காது வைத்துக் கேட்டார். பிழைக்கும் என்றும் சொல்லவில்லை, பிழைக்காது என்றும் சொல்லவில்லை. நாளைக்கும் ஒரு தடவை அந்தத் தண்ணியை விடுங்க என்றார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள், கோயில்காரர்கள் என்று நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அக்கா எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். “நான்தான் புத்திகெட்டுப் போய்ச் சோத்தப் போட்டுட்டேன்.” பஞ்சாபிலிருந்து மூத்தவன் கூப்பிட்டான், அவனிடமும் அதையேதான் சொன்னார். படிச்ச புள்ள, டாக்டரம்மா இல்லன்னா இந்நேரம் போயிருக்கும் என்று என்னைக் கை காட்டினார். நான் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின குழாயையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

இரண்டாம் நாளும் போனேன். மூன்றாம் நாள் காலை நான் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே அக்கா வாசலுக்கு ஓடி வந்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். மாடு நின்றுகொண்டு வாயை மெல்ல அரைத்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தோம். கூட்டமில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடின. அக்கா ஸ்தோத்திரம் என்றார். காப்பி போடுதேன் என்றார். மாதிரியே எடுக்காத நாளில் என்ன அவசரம் என்று சொல்ல முடியும்? ராஜபாளையத்தில் வேலை இருக்கு என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அவர் என் எதிரில் உட்கார்ந்து நன்றி சொன்னால் என்னால் தாங்க முடியாது.

எங்கள் திட்டத்தின் தலைமைப் பேராசிரியர் அந்த மாட்டை நீக்கிவிடச் சொன்னார். இப்போது அதன் வயிற்றில் இருப்பது இன்னொரு மாட்டின் உயிர்கள், ஒப்பிட உதவாது. எண் பதினேழு, நோய், நீக்கம் என்று பதிந்தேன். எப்படி நோய் வந்தது என்று அவர் கேட்டார். தீவனக் கோளாறு என்றேன். யார் தவறு என்று எழுத அதில் இடமில்லை, எனக்கும் அது வசதியாக இருந்தது. அதன் பிறகு அந்த ஊருக்குப் போக எனக்குக் காரணமும் இல்லாமல் போயிற்று.

அக்கா இரண்டு தடவை போன் செய்தார். வேலையாக இருக்கிறேன் என்றேன். மூன்றாவது தடவை அவர் செய்யவில்லை. நான்கு மாதம் ஓடிவிட்டது. மற்ற மாடுகளும் முடிந்து, குப்பிகள் எல்லாம் மதுரை ஆய்வுக்கூடத்துக்குப் போய், அறையைக் காலி செய்யும் வாரமும் வந்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்ள இந்த இரண்டு ஊரிலும் எனக்கு யாரும் இல்லை என்பது தெரிந்தது. இருக்கிற ஒருவரிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று சாயங்காலம் அவருக்குப் போன் போட்டேன்.

“அக்கா, நாளைக்குக் காலைல வர்றேன்.”

“சரி டாக்டரம்மா. வாங்க” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். தெருமுனையிலேயே மாடு கத்துவது கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் தீனித் தொட்டி துடைத்துக் கிடந்தது. தண்ணீர் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார். வைக்கோலை எட்டாத உயரத்தில் கட்டியிருந்தார். மாடு நன்றாகத் தேறியிருந்தது, பசியில் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. அடுப்பில் ஒரு பானை வெந்நீர் கொதித்தது. குழாய் கழுவ வெந்நீர் வேண்டும் என்று முன்பெல்லாம் நான் கேட்பேன்.

“ராத்திரியிலேருந்து ஒரு இணுக்கு வைக்கல. தண்ணி கூடக் காட்டல. எடுத்துக்கிடுங்க” என்றார். மாட்டின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

“மாதிரி எடுக்க வரலக்கா. குழாய் கொண்டு வரல. சும்மா உங்களப் பாக்கத்தான் வந்தேன்.”

அவர் எனக்குப் பின்னால் ஸ்கூட்டியைப் பார்த்தார். அதில் கேன் இல்லை.

“சும்மாவா?” என்றார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. எக்கி வைக்கோலை இழுத்துத் தொட்டியில் போட்டேன். வாளியை நிமிர்த்தித் தண்ணீர் பிடித்து வைத்தேன். மாடு தலையை நிமிர்த்தாமல் குடித்தது. அது குடிக்கிற சத்தம் நிற்கும் வரை காத்திருந்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“அன்னைக்குப் போன்ல நீங்க கேட்டீங்க. சோத்தப் போடுங்கன்னு சொன்னது நான்தான்க்கா.”

“தெரியும்” என்றார். சிந்தின வைக்கோலைக் காலால் ஒதுக்கினார். “நீங்க காதுல வாங்கலன்னும் தெரியும். அன்னைக்கு எல்லாரும் குடும்பமா உக்காந்து சாப்ட்டாவ. எனக்கு யாருகிட்டயாவது ஒரு வார்த்தை கேக்கணும் போல இருந்துச்சு. கேட்டேன். அம்புட்டுத்தான்.”

அவர் உள்ளே போய், குழாய் கழுவக் காய வைத்த வெந்நீரிலேயே காப்பி போட்டார். நான் கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் குடித்தேன். பயந்த கேள்விகளை எல்லாம் அவர் கேட்டார். சமையல் யாரு, அண்ணன் பொண்டாட்டி எப்படி, கல்யாணம் ஏன் பண்ணல. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், ஒன்றும் ஆகிவிடவில்லை. மாடு தின்று முடித்துப் படுத்து அசைபோட ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

“இனி எப்போ வருவீக?” என்று வாசலில் வைத்துக் கேட்டார்.

“வாரேன்க்கா” என்றேன், அவர்கள் ஊர்ப் பேச்சில்.

சொல்லி ஒரு வருடமாகப் போகிறது. நான் இப்போது சென்னையில் இருக்கிறேன், கண்ணாடிக் கதவு போட்ட ஆய்வுக்கூடம், துப்பட்டாவில் எந்த வாடையும் இல்லை. இன்னும் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர் நம்பரை எடுத்துப் பார்க்கிறேன். வருகிறேன் என்று சொல்வதற்கு முன்னால், மாட்டைப் பட்டினி போடாதீங்கக்கா என்று சொல்லிவிட வேண்டும்.